வடுவூர் ஏரிக்குப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வடுவூர் ஏரிக்கு நான் முதல் தடவை போனது ஒரு மே மாதம், காலை பதினொரு மணிக்கு. லீவுக்கு வந்திருந்த அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். பறவைகள் சரணாலயம் என்று பலகை இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பாளம் பாளமாக வெடித்த களிமண் தரை, கருவேல மரங்கள், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள். ஆட்டுக் காலடியில் இரண்டு உண்ணிக்கொக்கு. "இதுக்கா மாமா கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் சின்னவள். பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

தப்பு ஏரியின் மேல் இல்லை. நான் அதை ஒரு பூங்கா என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். பூங்கா என்றால் எந்த நாள் போனாலும் ஏதாவது இருக்கும். வடுவூர் ஏரி வயலுக்காக மனிதர்கள் வெட்டிய பாசன ஏரி. 1999ல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளைக் காப்பதற்காக 1971ல் ஈரானின் ராம்சர் நகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பட்டியல் அது. இத்தனை பட்டம் வந்த பிறகும் ஏரி தன் பழைய வேலையைத்தான் செய்கிறது. தண்ணீர் வந்தால் நிறையும், வயலுக்குத் திறந்தால் இறங்கும், கோடையில் வற்றும். பறவைகள் அந்தக் கணக்கைப் பார்த்து வருகின்றன. நாமும் அதே கணக்கைப் பார்த்துப் போனால் ஏமாற மாட்டோம்.

எப்போது போவது

காவிரி டெல்டாவில் எதைக் கேட்டாலும் பதில் மேட்டூரில்தான் தொடங்கும். இதுவும் அப்படித்தான். டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். அணையில் தண்ணீர் போதாத வருஷம் திறப்பு தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போனால் ஏரி நிறைவதும் தள்ளிப்போகும். ஆகவே நாள் குறிக்கும் முன் அந்த வருஷம் மேட்டூர் எப்போது திறந்தது என்று விசாரித்துவிடுங்கள். வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டால் போதும். தேதியோடு எத்தனை கன அடி என்பதையும் சேர்த்தே சொல்வார்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த மழையில் ஏரி நிறைந்து நிற்கும், வலசை வாத்துகளும் அந்தச் சமயத்தில் வந்து இறங்கத் தொடங்கும். ஆனால் புதிதாகப் போகிறவருக்கு நவம்பரை நான் சொல்ல மாட்டேன். புயல் சின்னம், சேறு, நனைந்த பைனாகுலர் என்று அலைச்சல்தான் மிஞ்சும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை போங்கள். மழை விட்டிருக்கும், தண்ணீர் மெல்ல இறங்க ஆரம்பித்திருக்கும், ஓரத்தில் சேறு தலைகாட்டும். சேறு தெரிந்தால் நீண்ட கால் பறவைகளுக்குச் சாப்பாட்டுக் கடை திறந்தது என்று அர்த்தம்.

நேரம்: காலையில் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, அல்லது மாலை நாலிலிருந்து இருட்டும் வரை. மார்கழியில் போனால் ஏழரை வரைக்கும் பனி மூடிக்கொண்டு எதிர்க்கரையே தெரியாத நாள்களும் உண்டு. பதறாமல் காத்திருங்கள். பனிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வரும் அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்த பொழுது.

போகும் வழி

ஊர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், தஞ்சாவூருக்குச் சுமார் 25 கிலோமீட்டரில் வடுவூர். வெளியூர்க்காரர்கள் ரயிலில் தஞ்சாவூர் வரைக்கும் வரலாம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மன்னார்குடி வரைக்குமே மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அங்கிருந்து வடுவூர் இன்னும் பக்கம்.

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் மன்னார்குடி பஸ் என்று பலகையைப் பார்த்தவுடன் ஏறிவிடாதீர்கள். நீடாமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸும் உண்டு. "வடுவூர் வழியாங்க?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். கேட்காமல் ஏறி நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், ஒரு தொப்பி, கொறிக்க ஏதாவது. செருப்பு வேண்டாம், பின்னால் வார் இருக்கிற காலணி போடுங்கள். டெல்டா களிமண் ஈரமாக இருந்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காலை மட்டும்தான் திருப்பித் தரும். புல் மறைத்த கரையில் பாம்பும் இருக்கும். சட்டை பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மங்கலாக இருக்கட்டும். வெள்ளை வேட்டி கோயிலுக்கு நல்லது, ஏரிக்கரையில் அது ஒரு மைல் தூரத்திலிருந்து தெரியும்.

கழிப்பறை வேலையை பஸ் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகும்போது இது பைனாகுலரைவிட முக்கியம்.

பைனாகுலர் இல்லாமலும் போகலாம், ஆனால் பாதிதான் தெரியும். இரவல் வாங்கினால் 8×42 என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள். எட்டு மடங்கு நெருக்கிக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். பத்து, பன்னிரண்டு மடங்கு என்றால் இன்னும் நல்லது என்று தோன்றும். கை நடுக்கமும் அத்தனை மடங்கு ஆகும் என்பதால் புதியவருக்கு எட்டே போதும்.

அதைக் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ளப் பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததாலேயே "எனக்கு மங்கலாத் தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் தூரத்து மரக்கிளை ஒன்றைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். கிளை தெளிந்ததும் இடது கண்ணை மூடி, அதே கிளையை வலது கண்ணால் பார்த்து, வலது பக்கக் கண்ணாடியில் இருக்கும் வளையத்தைத் திருப்புங்கள். அவ்வளவுதான். இனி அன்றைக்கு நடுச் சக்கரத்தை மட்டும் தொட்டால் போதும். பறவையைத் தேடும்போது பைனாகுலருக்குள் தேடாதீர்கள். வெறும் கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல், கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

கரையில் முதல் பத்து நிமிடம்

வந்ததும் பறவையைத் தேடி நடக்காதீர்கள். ஓரிடத்தில் நில்லுங்கள். காலையானால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி, அதாவது ஏரி உங்களுக்கு மேற்கே விரிகிற மாதிரி ஓர் இடம் பிடியுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பறவையும் காக்கைதான்.

நின்று, தண்ணீரைப் பாருங்கள். எவ்வளவு ஏறிக் கிடக்கிறது? எங்கே ஆழம், எங்கே ஆழமில்லை, எங்கே சேறு, எங்கே செடி?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மே மாத அவமானத்துக்குப் பிறகு அந்த வருஷமே கார்த்திகையில் தனியாகப் போனேன். ஏரி தளும்பத் தளும்பக் கிடந்தது. தண்ணீர் இருந்தால் பறவை இருக்கும் என்று நம்பிப் போனவனுக்கு நடுவில் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. நாரை ஒன்றுகூட இல்லை. அவரிடம் கேட்டேன். "தண்ணி ஏறிக் கெடக்குல்ல தம்பி. காலு முங்கிப் போனா நாரை எங்க நிக்கும்? வயல்ல போயிப் பாருங்க" என்றார். ரோட்டைத் தாண்டி நடவு வயல் பக்கம் போனால், வரப்பு நெடுக நின்றுகொண்டிருந்தன.

அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு ஆழம். பொதுவாக ஏரிகளில் மண் கரையை ஒட்டிய பக்கம் ஆழம், எதிரே தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போகப் போக மேடு. ஆழத்தில் நீந்துகிறவை, முழுகுகிறவை: வாத்துகள், நீர்க்காகங்கள், கூழைக்கடா. முழங்கால் தண்ணீரில் நடக்கிறவை: நாரைகள், கரண்டிவாயன், பெரிய கொக்குகள். சேற்றில் ஓடுகிறவை: உள்ளான்கள், ஆள்காட்டி. தாமரை, அல்லி மாதிரி மிதக்கும் இலைகள் இருக்கிற இடத்தில் இலைக்கோழி, கோரைப்புல் ஓரத்தில் தாழைக்கோழி. தண்ணீர் ஒரு அடி இறங்கினால் இந்தக் கூட்டம் முழுக்க இடம் மாறும். போன வாரம் நண்பர் பார்த்த இடத்தில் இந்த வாரம் ஒன்றும் இல்லாமல் போவது இதனால்தான்.

இதைப் பார்த்து முடித்த பிறகு பார்வைக் கோபுரத்தில் ஏறுங்கள். எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் கூட்டம் தெரியும், பறவை தெரியாது. கீழே நின்று இரண்டு மூன்றைப் பழகிக்கொண்டு மேலே போனால், அது கூட்டமாக இல்லாமல் தெரிந்த முகங்களாக இருக்கும்.

முதல் நாளுக்கு எட்டு முகங்கள்

புத்தகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ள நினைத்தால் தலைவலிதான் மிச்சம். எட்டு போதும்.

மடையான். இதைத்தான் குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். கரையோரம் மண் நிறத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும், மிதிக்கப் போகும் வரைக்கும் தெரியாது. சடாரென்று பறந்தால் முழுக்க வெள்ளை. "வெள்ளைக் கொக்கு பறந்துச்சே, எங்க உக்காந்துச்சு?" என்று புதியவர்கள் தேடுவது இதைத்தான். இறக்கையை மடக்கியதும் மண்ணாகிவிடும்.

நாமக்கோழி. ஏரி நடுவில் நான் பார்த்த கறுப்புப் புள்ளிகளில் பாதி இதுதான். உடம்பு முழுக்கக் கறுப்பு, நெற்றியில் அலகோடு சேர்ந்து வெள்ளை நாமம். பெயரை ஒரு தடவை கேட்டால் மறக்காது.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும். இரண்டும் கறுப்பு, இரண்டும் முழுகி மீன் பிடிக்கும், இரண்டும் மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்கும். மற்ற நீர்ப் பறவைகளைப் போல இவற்றின் இறகு தண்ணீரை முழுக்கத் தள்ளிவிடாது, நனையும். நனைவதால் முழுகுவது சுலபம், அதற்குப் பிறகு வெயிலில் உட்கார வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கு மேலே பாம்பு மாதிரி கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டு போனால் பாம்புத்தாரா. அலகு ஊசி, மீனைக் குத்தும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி, மீனைக் கவ்வும்.

நத்தைகுத்தி நாரை. டெல்டாவில் பிறந்தவர்கள் இதை வயலில் ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள், அலகைப் பார்த்திருக்க மாட்டார்கள். பைனாகுலரில் பாருங்கள்: மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி இருக்கும், பாக்குவெட்டியைச் சரியாக மூடாமல் விட்ட மாதிரி. நத்தையைக் கையாள அமைந்த அலகு அது. அறுவடை முடிந்த தை மாதத்து வயலில் இவை இரைதேடுவதைப் பார்க்க ஏரிக்கே போக வேண்டியதில்லை, பஸ் ஜன்னலோரம் போதும்.

கரண்டிவாயன். வெள்ளை உடம்பு, கறுப்பு அலகு, நுனியில் இட்லிக் கரண்டி. அலகைத் தண்ணீருக்குள் விட்டு, வலமும் இடமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும்.

கூழைக்கடா. வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரிவதில் பெரியது, அலகுக்குக் கீழே பை தொங்கும்.

கடைசியாக ஊசிவால் வாத்து. வால் நடுவில் ஊசி மாதிரி நீண்டிருக்கும் ஆணைப் பாருங்கள். பழுப்புத் தலை, வெள்ளைக் கழுத்து. நீலச்சிறகியும் இதோடு சேர்ந்து நிற்கும், அதன் ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். வட ஆசியாவில் குளிர் தொடங்கும் நேரத்தில் இவை கிளம்பி இங்கே வருகின்றன. பெண் வாத்துகளை முதல் நாளே பிரித்தறிய முயலாதீர்கள். எல்லாம் ஒரே புள்ளிப் பழுப்பு. எனக்கு இன்னும் தடுமாற்றம்தான்.

செய்யக் கூடாதவை

கரையை விட்டு ஏரிக்குள் இறங்கக் கூடாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இடுப்பளவு சேறு இருக்கும். கூடு இருக்கிற மரத்தின் பக்கம் போகவே கூடாது. நாம் போனால் தாய்ப்பறவை எழுந்து போகும், அது திரும்பி வருவதற்குள் காக்கையும் பருந்தும் முட்டையையும் குஞ்சையும் தூக்கிவிடும். நாம் கெடுதல் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்புவோம்.

கைதட்டி, கல் எறிந்து, வாத்துக் கூட்டத்தைப் பறக்கவைத்து வீடியோ எடுப்பது இப்போது பெருகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இளைப்பாறுகிற பறவை அது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் பறவைகளைத் தொந்தரவு செய்வது குற்றமும்கூட. ட்ரோன் வேண்டாம், பாட்டு வேண்டாம். செல்போனில் எடுத்தால் புள்ளிதான் விழும், அதற்காகக் கிட்டே கிட்டே போகவும் வேண்டாம்.

கரையில் போகும் ஊர்க்காரர்களுக்கு வழி விடுங்கள். அவர்களுக்கு இது வேலைக்குப் போகும் பாதை. மதகைத் தொடாதீர்கள். பிள்ளைகள் சக்கரத்தைக் கண்டால் திருகிப் பார்ப்பார்கள், அது யாரோ ஒருவருடைய வயலுக்கான முறைத் தண்ணீர்.

வெயில் ஏறிய பிறகு

ஒன்பதரைக்கு மேல் பறவைகள் மரத்துக்குள்ளும் நிழலுக்கும் போய்விடும். நீங்களும் ஊருக்குள் போய்ச் சாப்பிடலாம். வடுவூர் கோதண்டராமர் கோயில் உச்சிவேளைக்கு நடை சாத்தும் முன் போய்விடுங்கள். ராமர் சிலையின் சிரிப்புக்காகவே தூரத்திலிருந்து ஆள் வருவார்கள். கபடி பிடித்தவர் என்றால் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். கபடிக்குப் பேர்போன ஊர் இது. மதியத்துக்கு மன்னார்குடி போனால் ராஜகோபாலசாமி கோயிலும் ஹரித்ராநதி தெப்பக்குளமும் இருக்கின்றன. 'மன்னார்குடி மதிலழகு' என்று ஏன் சொன்னார்கள் என்று தெரியும்.

குழந்தைகளுக்கு ஊஞ்சலும் புல்தரையும் வேண்டும், ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் சும்மா நிற்க மாட்டார்கள் என்றால் அவர்களை வதைக்காதீர்கள். தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி, கோட்டைக்குள், 1871–72ல் நகராட்சி அமைத்த சிவகங்கைப் பூங்கா அதற்குத்தான். அங்கே இருக்கும் குளம் ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் கொடுத்தது.

பறவை ஆசை பிடித்துவிட்டதென்றால் அடுத்த தடவை திருத்துறைப்பூண்டிப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம், அதற்கடுத்து கோடியக்கரை. கோடியக்கரையில் உப்புநீர், பூநாரை, வெளிமான் என்று விஷயமே வேறு. அதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அந்த நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவை எது, எத்தனை என்று குறித்து ஈபேர்டு செயலியில் ஏற்ற வேண்டும். எட்டுப் பறவை தெரிந்தால் போதும், தெரியாததை விட்டுவிடலாம்.

மாலை வரைக்கும் இருக்க முடிந்தால் இருங்கள். ஐந்தரைக்கு மேல் வயல்களிலிருந்து கொக்குகள் வரிசை வரிசையாகத் திரும்பும். அதே நேரத்தில் வக்கா என்கிற இராக்கொக்கு, 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு இரை தேடக் கிளம்பும். மரம் காலியாவதும் நிறைவதும் ஒரே சமயத்தில் நடக்கும். பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது. அதனால் காலையில் இறங்கும்போதே தஞ்சாவூருக்குத் திரும்ப எத்தனை மணி வரை பஸ் இருக்கிறது என்று டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ரோட்டோரம் நிற்கும்போது டார்ச்சைக் கையில் எரியவிட்டு நில்லுங்கள், டிரைவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.